கமிஷன் வருகிறது என்பதை இணைப்புக்கு முன்பே சொல்லுங்கள்

பண்டாரவளைப் பக்கத்திலிருந்து தமிழில் எழுதும் ஒருவர் கேட்டது இது: "எல்லவில் எங்கே தங்குவது, ரயிலில் எப்படிப் போவது, எந்தத் தேயிலை வாங்குவது என்று எழுதுகிறேன். கட்டுரைகளில் கமிஷன் தரும் இணைப்புகளும் இருக்கின்றன. அதை வாசகருக்குச் சொல்லத்தான் வேண்டுமா? சொன்னால் யாரும் அழுத்தமாட்டார்களே என்று பயமாக இருக்கிறது. இலங்கையில் இதற்கென்று சட்டமில்லை என்கிறார்கள். பக்கத்தின் அடியில் ஒரு வரி போட்டால் போதாதா?"

சொல்லத்தான் வேண்டும். அடியில் போட்டால் போதாது. இணைப்புக்கு முன்னால், தமிழில், 'காசு' அல்லது 'கமிஷன்' என்ற சொல் வரும்படி சொல்ல வேண்டும். ஏன், எப்படி என்பதை விரிவாகவே எழுதுகிறேன். செய்ய மனமிருந்தும் தவறாகச் செய்பவர்கள்தான் அதிகம்.

முதலில் அந்த இணைப்பைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். கட்டுரையில் உள்ள இணைப்பு ஒன்றின் முகவரியை முழுதாக நகலெடுத்து ஒரு வெற்றுப் பக்கத்தில் ஒட்டிப் பாருங்கள். பொருளின் பெயரும் இலக்கமும் முடிந்த பிறகு ஒரு கேள்விக்குறி வரும். அதற்குப் பின்னால் 'டேக்' என்றோ வேறு சுருக்கெழுத்தாகவோ ஒரு துண்டு இருக்கும், அதையொட்டி உங்கள் கணக்கின் அடையாளம் இருக்கும். வாசகர் அதை அழுத்திய கணமே அவருடைய போனில் குக்கி எனும் சிறு குறிப்பு பதிந்துவிடுகிறது. இந்த ஆளை அனுப்பியவர் இன்னார் என்பதுதான் அந்தக் குறிப்பு. அமேசனில் அது 24 மணி நேரம் செல்லும். அதற்குள் பொருளைக் கூடையில் போட்டுவிட்டால் அந்தப் பொருளுக்கு ஏறக்குறைய 3 மாதம் வரை உங்கள் பெயர் நிற்கும். நீங்கள் காட்டியது தேநீர் வடிகட்டியாக இருக்கலாம். உள்ளே போனவர் அதை விட்டுவிட்டுச் சப்பாத்து வாங்கினாலும் உங்களுக்குப் பங்கு வரும். பல தளங்களில் கடைசியாக அழுத்திய இணைப்புக்கே பணம் என்பதால், வாசகர் உங்களுக்கு முன்னால் வேறொருவரின் இணைப்பு வழியாகப் போயிருந்தாலும் அவர் பெயர் அழிந்து உங்கள் பெயர் ஏறிவிடும்.

இதில் எதுவும் வாசகருக்குத் தெரியாது. 'இங்கே பாருங்கள்' என்று நீங்கள் வழி காட்டியதாக மட்டுமே அவர் நினைக்கிறார். வழி காட்டுபவருக்கும் வழியனுப்பிக் காசு பெறுபவருக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு.

மலையகத்தில் இதை விளக்க வெளியே போக வேண்டியதில்லை. தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லிக் கூட்டி வந்தார்கள் என்பது இங்கே வீடுதோறும் வழங்கும் பேச்சு. அப்படிக் கூட்டி வந்த கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று தோட்டம் பணம் கொடுத்தது. வழிச்செலவுக்கு அவர் கொடுத்த முற்பணம் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறியது. அந்தக் கடனோடு ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு ஆளை மாற்றும் 'துண்டு' முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. ஒரு கட்டுரை இணைப்பை அந்தக் கொடுமையோடு சமமாக வைக்கவில்லை. ஆனால் 'நல்ல இடம், வா' என்று சொல்பவருக்கு, நாம் போவதால் எவ்வளவு கிடைக்கிறது என்பது நமக்குத் தெரியாமல் போகும்போது என்ன நடக்கும் என்பதை நம் ஆட்கள் தலைமுறையாக அறிந்தவர்கள். நமக்காக எழுதுகிறவர் அதை மறைக்கவே கூடாது.

இன்றைக்கும் கண்டி நகரத்தில் வந்து இறங்கும் பயணியை ஆட்டோக்காரர் ஒரு விடுதிக்குக் கூட்டிப்போய் விட்டால் அவருக்குக் கமிஷன் உண்டு. மாத்தளைப் பாதையிலுள்ள வாசனைத் திரவியத் தோட்டங்களிலும் அப்படித்தான். அவர் உழைப்புக்குக் கூலி வாங்குகிறார், அதில் பிழையில்லை. 'நீங்கள் சொன்ன விடுதி மூடிவிட்டது' என்று சொல்லும்போதுதான் பிழை தொடங்குகிறது. எழுதுகிறவருக்கும் இதே அளவுகோல்தான். கட்டுரை எழுதப் பஸ் செலவு, டேட்டா, நேரம் எல்லாம் போகிறது; அதற்கு வருமானம் தேடுவது நியாயம். மறைப்பது மட்டுமே தவறு.

அடுத்து, எல்லாரும் நகலெடுத்து ஒட்டும் ஒரு வாக்கியம்: "இதனால் உங்களுக்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை." அமேசனில் இது பெரும்பாலும் சரி, ஏனென்றால் உங்கள் இணைப்பு வழியாகப் போனாலும் நேரே போனாலும் அங்கே விலை ஒன்றுதான். எல்லவிலோ ஹப்புத்தளையிலோ ஒரு வீட்டு விடுதியைக் காட்டும்போது அப்படியே எழுதினால் பொய்யாகிவிடலாம். அறை பதியும் தளங்கள் விடுதிக்காரரிடம் ஒவ்வொரு பதிவுக்கும் கமிஷன் எடுக்கின்றன. வழமையாக அது 15 சதவீதத்தை அண்டி இருக்கும். உங்களுக்கு வரும் பங்கும் அதிலிருந்துதான் பிரிகிறது. கணக்குக்காக ஓர் அறை 12,000 ரூபா என்று வையுங்கள். 15 சதவீதம் என்றால் 1,800 ரூபா தளத்துக்குப் போகும், விடுதிக்காரர் கையில் 10,200 நிற்கும். வாசகர் அந்த வீட்டுக்கே தொலைபேசி எடுத்துப் பேசினால் 11,000க்குத் தரும் அக்காமார் உண்டு. இருவருக்கும் லாபம், நஷ்டம் தளத்துக்கும் உங்கள் பங்குக்கும்தான். அதனால் "கூடுதல் செலவில்லை" என்று முடிக்காமல் இப்படி எழுதுங்கள்: "இந்த இணைப்பு வழியாகப் போனாலும் நேரே அந்தத் தளத்துக்குப் போனாலும் விலை ஒன்றுதான். விடுதிக்கே அழைத்துக் கேட்டால் சில வேளை குறையலாம்." இரண்டாவது வாக்கியத்தை எழுதக் கை வராது. அதை எழுதியவரின் முதல் வாக்கியத்தையும் வாசகர் நம்புவார்.

கமிஷன் ஒருவரைப் பொய் சொல்ல வைப்பது அரிது. அது செய்வது வேறு வேலை: கமிஷன் இல்லாத வழி கட்டுரையிலிருந்து மெல்லக் காணாமல் போகும். இந்த விஷயத்தில் நான் மிக முக்கியமாக நினைப்பது இதைத்தான். கண்டியிலிருந்து எல்லவுக்கு ரயிலில் போவது எப்படி என்று எழுதுகிறீர்கள். இடைத்தரகுத் தளத்தில் ஆசனம் வாங்கினால் உங்களுக்குப் பங்கு வரும். ரயில்வேயின் சொந்த ஆசனப் பதிவில் (பயண நாளுக்கு 30 நாள் முன்னே திறக்கும்) எதுவும் வராது. நிலையத்துக் கவுண்டரில் அன்றைக்கே கிடைக்கும் பதிவில்லாத இரண்டாம், மூன்றாம் வகுப்புச் சீட்டிலும் எதுவும் வராது. எந்த வழி தலைப்பாகும், எது கடைசிப் பந்தியில் ஒரு வரியாகும், எது வராமலே போகும்? எழுதுகிறவர் மோசமானவராக இருக்கத் தேவையில்லை. கை தானாக அந்தப் பக்கம் சாயும்.

லிப்டன் சீட் என்ற மலைக் காட்சியிடத்துக்குப் போகும் வழியும் அப்படித்தான். ஹப்புத்தளையிலிருந்து தம்பேதன்ன தேயிலைத் தொழிற்சாலை வரை பஸ் ஓடுகிறது. அங்கிருந்து ஏறக்குறைய 7 கிலோமீட்டர் தேயிலைக்கு நடுவே ஏறலாம். அந்தப் பஸ்ஸுக்குக் கமிஷன் இணைப்பு இல்லை. 'அரைநாள் சுற்றுலா' என்று இணையத்தில் விற்கும் வண்டிக்கு உண்டு. ஒன்பது வளைவுப் பாலத்துக்கு எல்லவிலிருந்து நடந்தே போய் வரலாம் என்பதும் இதே காரணத்தால் சில கட்டுரைகளில் மறைந்துவிடுகிறது.

தேயிலையில் கணக்கு இன்னும் தெளிவு. அமேசன் 2020 ஏப்ரலில் மளிகைப் பொருட்களுக்கான கமிஷனை 5 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாகக் குறைத்தது. சமையலறைச் சாமானுக்கு 4.5 சதவீதம். 12 டொலர்த் தேயிலைப் பெட்டி விற்றால் உங்களுக்கு 12 சதம். 60 டொலர் மின்கேத்தல் விற்றால் 2 டொலர் 70 சதம். ஊவாத் தேநீரைப் பற்றித் தொடங்கும் கட்டுரை ஏன் கேத்தல் பட்டியலாக முடிகிறது என்பதற்கு விடை இங்கேதான். தொழிற்சாலைக் கடையில் நிறுத்து வாங்கும் பிஓபிஎஃப் எனும் சிறுதுகள் தரத் தேயிலைக்கு இணைப்பே கிடையாது. வெளிநாட்டு வாசகருக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, பெட்டியில் சிங்க இலச்சினை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது: அது முழுக்க இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதி செய்தது என்பதற்குத் தேயிலைச் சபை தரும் அடையாளம். அதைச் சொல்வதற்கு உங்களுக்கு ஒரு சதமும் வராது. அதையும் எழுத வேண்டும்.

ஆகவே என் அறிவுரை இரண்டு பகுதி. கமிஷன் வரும் இணைப்பில் 'கமிஷன் உண்டு' என்று எழுதுங்கள். அதே பந்தியில் கமிஷன் வராத வழியையும், அது உண்மையில் ஒரு வழியாக இருந்தால், அதே அளவு விவரத்தோடு எழுதுங்கள். முதல் பகுதி மட்டும் செய்தால் சட்டத்துக்குப் போதும். வாசகருக்கு இரண்டும் வேண்டும்.

சட்டத்தைப் பற்றிக் கேட்டீர்கள். இலங்கையின் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம். அதில் கமிஷன் இணைப்பு என்ற சொல் கிடையாது. ஆனால் அதன் 30ஆம் பிரிவு, வியாபாரத்தின்போது பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும், வழிநடத்தக்கூடிய எந்த நடத்தையையும் தடை செய்கிறது. தொடர்ந்து காசு பெற்றுக்கொண்டு பொருளைச் சிபாரிசு செய்கிறவர் 'நான் வியாபாரியே இல்லை' என்று எவ்வளவு தூரம் வாதாடலாம் என்று சோதித்துப் பார்க்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

உங்கள் வாசகர் பண்டாரவளையில் மட்டும் இல்லை என்பதையும் பாருங்கள். தமிழில் எழுதினால் சென்னையிலும் லண்டனிலும் நியூஜெர்சியிலும் வாசிப்பார்கள். அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணைக்குழு தன் சிபாரிசு வழிகாட்டியை 2009இல் திருத்தி இணையத்தில் எழுதுகிறவர்களையும் அதற்குள் கொண்டுவந்தது. 2023இல் மறுபடி புதுப்பித்தது. கமிஷன் இணைப்புக்கு ஆங்கிலத்தில் 'அஃபிலியேட் லிங்க்' என்று பெயர்; அந்த ஆணைக்குழு வெறுமனே அப்படிப் போடுவது போதாமல் போகலாம் என்கிறது, ஏனென்றால் சாதாரண வாசகருக்கு அந்தச் சொல்லால் யாருக்குக் காசு என்பது விளங்காது. ஆங்கில வாசகருக்கே விளங்காது என்றால் தமிழ் வாசகருக்கு அதை எழுத்துப்பெயர்த்துப் போட்டு என்ன பயன்? இந்தியாவில் விளம்பரத் தர மன்றத்தின் வழிகாட்டி 2021 ஜூன் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் விதிகள் வெளியிட்டது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு அங்கே முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை தண்டம். பிரித்தானியாவில் கமிஷன் இணைப்புள்ள சிபாரிசை விளம்பரமாகவே கணக்கெடுக்கிறார்கள்; அழுத்துவதற்கு முன்பே அது விளம்பரம் என்று தெரிய வேண்டும்.

இவற்றில் எந்த அதிகாரியும் நாளைக்கு உங்கள் கதவைத் தட்டப் போவதில்லை. கிட்ட இருக்கும் ஆபத்து நீங்கள் சம்மதம் கொடுத்த ஒப்பந்தம். அமேசனில் சேரும்போது, 'அமேசன் அசோசியேட்டாகத் தகுதியான கொள்வனவுகளிலிருந்து எனக்கு வருமானம் வருகிறது' என்ற பொருள்படும் அவர்களது வாக்கியத்தைத் தளத்தில் தெளிவாகப் போட ஒப்புக்கொள்கிறீர்கள். போடாவிட்டால் அவர்கள் உங்கள் கணக்கை மூடலாம், சேர்ந்த கமிஷனைத் தராமல் விடலாம். அவர்கள் தந்த வாக்கியத்தை அப்படியே போட்டு, பக்கத்தில் தமிழிலும் எழுதுங்கள். வேறு எந்தத் திட்டத்தில் சேர்ந்திருந்தாலும் அதன் விதிகளில் இந்தப் பகுதியைத் தேடி வாசியுங்கள். ஒவ்வொன்றும் ஒரு மாதிரி.

இனி எப்படி எழுதுவது. தலைப்புக்குக் கீழே, முதல் இணைப்புக்கு மேலே, உடலெழுத்தின் அதே அளவில், அதே நிறத்தில் இரண்டு வரி போதும்:

"இந்தக் கட்டுரையில் 'கமிஷன் உண்டு' என்று குறித்த இணைப்புகள் வழியாக நீங்கள் அறை பதிந்தாலோ பொருள் வாங்கினாலோ அந்தத் தளம் எனக்கு ஒரு பங்கு தரும். குறிக்காத இணைப்புகளால் எனக்கு எதுவும் வராது."

பிறகு ஒவ்வொரு இணைப்பின் பக்கத்திலும் அடைப்புக்குள் 'கமிஷன் உண்டு' என்று இரண்டு சொல். மேலே மட்டும் போட்டால், தேடுபொறியிலிருந்து நேரே கட்டுரையின் நடுவுக்கு வந்து விழுகிறவர் அதைப் பார்க்கமாட்டார். இணைப்பின் பக்கத்தில் மட்டும் போட்டால் அது எதைக் குறிக்கிறது என்று விளங்காது. நட்சத்திரக் குறி போட்டு அடியில் விளக்குவது வேண்டாம். அடிவரை வருகிறவர் குறைவு, வருகிறவரும் அதற்குள் அழுத்தியிருப்பார்.

சொற்களில் கவனம் வேண்டும். 'துணை இணைப்பு', 'இணை இணைப்பு' என்பவை மொழிபெயர்ப்புக் கருவி தந்த சொற்கள். வாசகருக்கு எந்தப் பொருளும் தராது. 'இந்தப் பதிவு எங்கள் பங்காளர்களின் ஆதரவுடன்' என்பதும் அப்படியே. 'கமிஷன் பெறக்கூடும்' என்று வழுக்க வேண்டாம், பெறுகிறீர்கள் என்றால் பெறுகிறேன் என்றே எழுதுங்கள். கமிஷன் என்ற சொல் கடைத்தெருவிலும் தோட்டத்திலும் பஸ் ஸ்டாண்டிலும் எல்லாருக்கும் தெரிந்த சொல். அதைவிட நல்ல சொல் இந்த வேலைக்கு இல்லை.

கணினியில் சரியாகத் தெரிவது போனில் கெட்டுப்போகும் இடங்கள் பல. கணினித் திரையில் வலப்பக்க நிரலில் இருக்கும் அறிவிப்பு, போனில் கட்டுரை முடிந்து பின்னூட்டமும் முடிந்த பிறகு போய் ஒதுங்கும். அட்டவணைக்குள்ளும் 'விலை பார்க்க' என்ற பொத்தானிலும் உள்ள இணைப்புகளுக்குக் குறிப்பு போட மறந்துவிடுவார்கள். படத்தை அழுத்தினாலும் கடைக்குப் போகும்படி வைத்திருந்தால், படத்தின் அடியில் குறிப்பு இருக்க வேண்டும். வெளிர்சாம்பல் நிறச் சிறிய எழுத்து வெயிலில் போன் திரையில் தெரியவே தெரியாது. முகநூலில் நீண்ட பதிவு 'மேலும் பார்க்க' என்று மடிந்துவிடும், யூடியூப்பில் காணொளியின் கீழுள்ள விவரமும் அப்படியே. மடிப்புக்கு மேலே உள்ள வரியில் கமிஷன் என்ற சொல் வர வேண்டும். காணொளியில் வாயாலும் சொல்லுங்கள், பொருளைக் கையில் எடுக்கும் அந்த இடத்திலேயே. பலர் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்கிறார்கள், எழுத்தைப் பார்ப்பதில்லை.

வட்ஸ்அப்தான் பெரிய ஓட்டை. உங்கள் கட்டுரையிலிருந்து ஓர் இணைப்பை மட்டும் நகலெடுத்துக் குடும்பக் குழுவில் போடுவார்கள். அறிவிப்பு பின்னால் நின்றுவிடும். அதை முழுதாகத் தடுக்க வழியில்லை. நீங்களே குழுக்களில் போடும்போதாவது, முகவரிக்கு முன் அதே செய்தியில் 'இதில் எனக்குக் கமிஷன் உண்டு' என்று எழுதுங்கள். அதற்கு முன், உங்கள் திட்டம் தனிச் செய்திகளில் இணைப்புப் போட அனுமதிக்கிறதா என்றும் பாருங்கள். எல்லாத் திட்டமும் அனுமதிப்பதில்லை.

சுருக்கு முகவரி பற்றி ஒன்று. நீளமான முகவரியைச் சுருக்குவதில் தவறில்லை. ஆனால் எந்தக் கடைக்குப் போகிறோம் என்றே தெரியாதபடி மறைக்கும் சுருக்கத்தை அமேசன் விதிகளும் ஏற்பதில்லை. கடையின் பெயரை எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

சிலர் "பக்கத்தின் பின்னாலுள்ள கணினிக் குறிமொழியில் குறித்துவிட்டேனே" என்பார்கள். 2019 செப்டெம்பரில் கூகுள் அறிமுகப்படுத்திய 'ஸ்பொன்சர்ட்' (காசு வரும் இணைப்பு) என்ற குறியைச் சொல்கிறார்கள். கமிஷன் இணைப்புகளில் அதைப் போடுவது நல்லது, கூகுள் கேட்பதும் அதைத்தான். அது தேடுபொறிக்குச் சொல்வது. வாசகர் கண்ணுக்கு ஓர் எழுத்தும் தெரியாது.

இணைப்பு மட்டும்தான் விஷயம் என்று நினைக்க வேண்டாம். இரண்டு இரவு இலவசமாகத் தங்கியது, தொழிற்சாலை தந்த 250 கிராம் தேயிலைப் பொதி, மாமா மகனின் விடுதி, முன்பு வேலை செய்த நிறுவனம், எல்லாமே சொல்ல வேண்டியவை. சொல்லும் முறை எளிது: "நான் வருவது அவர்களுக்குத் தெரியும், அறைக்குக் காசு வாங்கவில்லை." முதல் பாதி முக்கியம். தெரிந்து வருகிறவருக்கு நல்ல அறையும் சுடுதண்ணீரும் கிடைக்கும், தெரியாமல் வருகிற குடும்பத்துக்குக் கிடைக்குமா என்பது வேறு கேள்வி. எந்த மாதத்தில் தங்கினீர்கள் என்பதையும் எழுதுங்கள். பெப்ரவரி எல்ல வேறு, ஒக்டோபர் மழையில் எல்ல வேறு. பக்கத்தில் ஓடும் கூகுள் விளம்பரப் பெட்டிகளுக்குத் தனி அறிவிப்பு தேவையில்லை, அவை விளம்பரம் என்று பார்த்தாலே தெரியும்.

இப்போது உங்கள் பயம். சொன்னால் அழுத்துவது குறையுமா? கொஞ்சம் குறையலாம், குறையவே குறையாது என்று ஆறுதல் சொல்லமாட்டேன். ஆனால் சொன்னதால் விலகுகிறவர், சொல்லாமல் விட்டுப் பிறகு கண்டுபிடித்தால் ஒரேயடியாகப் போய்விடுவார், போகும்போது நாலு பேரிடம் சொல்லிவிட்டுப் போவார். தமிழில் மலையகத்தைப் பற்றி வாசிக்கும் வட்டம் சின்னது. ஹட்டனில் ஒருவர் சொன்னது மாலைக்குள் தலவாக்கலைக்கும் பதுளைக்கும் போய்விடும். மறுபுறம், உங்கள் எழுத்தால் பயன் பெற்ற சிலர் 'எப்படியும் வாங்கத்தான் போகிறேன், உங்கள் இணைப்பைத் தாருங்கள்' என்று தேடி வருவார்கள். கமிஷன் இருப்பது தெரியாவிட்டால் அவர்களுக்கு அப்படி உதவும் வழியே தெரியாது.

பழைய கட்டுரைகள் நூறு இருக்கின்றனவே என்று மலைக்க வேண்டாம். தளத்தின் தேடல் பெட்டியில் உங்கள் கணக்கு அடையாளத்தைப் போட்டால் எந்தெந்தக் கட்டுரையில் இணைப்பு இருக்கிறது என்று வரும். வராவிட்டால் முழுத் தளத்தையும் ஏற்றுமதி செய்து அந்தக் கோப்பில் தேடுங்கள். அதிகம் வாசிக்கப்படும் 10 கட்டுரைகளை முதலில் திருத்துங்கள். வேர்ட்பிரஸ் என்றால் இரண்டு வரி அறிவிப்பை 'சிங்க்ட் பேட்டர்ன்' ஆக (முன்பு மீண்டும் பயன்படுத்தும் தொகுதி என்றார்கள்) சேமித்து எல்லாவற்றிலும் செருகலாம், பிறகு ஓரிடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும். திருத்தும்போதே செத்துப்போன இணைப்புகளையும், மூடிய விடுதிகளையும், பழைய விலைகளையும் எடுத்துவிடுங்கள். மண்சரிவால் ரயில் பாதை அடைபட்டிருக்கும் நாட்களில் ஆசனம் விற்கும் இணைப்பு சும்மா இருந்தால் யாராவது அழுத்திக் காசைக் கட்டுவார்.

முடித்த பிறகு ஒரு சோதனை. கட்டுரையை வீட்டில் ஒருவரிடம், அம்மாவோ தம்பியோ, போனில் கொடுங்கள். ஒரு நிமிடம் வாசிக்க விட்டு, போனை வாங்கிக்கொண்டு கேளுங்கள்: "இந்த அறையைப் பதிந்தால் யாருக்கு யாருக்குக் காசு போகும்?" 'விடுதிக்காரருக்கு' என்று மட்டும் பதில் வந்தால் அறிவிப்பு வேலை செய்யவில்லை. இடத்தையோ சொல்லையோ மாற்றி இன்னொருவரிடம் கொடுங்கள்.

எல்லக் கட்டுரையில் நீங்கள் எழுதியிருக்கும் பந்தி இது: "பாலத்துக்குப் பக்கத்தில் அருமையான வீட்டு விடுதி, காலை உணவுடன். இங்கே அழுத்தி உடனே பதியுங்கள்!" இதை இப்படி மாற்றலாம்:

"பாலத்துக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு வீட்டு விடுதி. மூன்று அறை, காலை உணவு உண்டு. கடைசிப் பகுதி ஏற்றப் பாதை, பெட்டியோடு ஆட்டோ போகாது. மார்ச்சில் என் காசில் ஓரிரவு தங்கினேன். புக்கிங் தளத்தில் பதிய இங்கே (கமிஷன் உண்டு, பதிந்தால் எனக்குப் பங்கு வரும்). நேரே பேச விரும்பினால் வாசல் பலகையிலும் அவர்களுடைய முகநூல் பக்கத்திலும் தொலைபேசி இலக்கம் இருக்கிறது, அதனால் எனக்கு எதுவும் வராது. விலையைக் கேட்டுப் பாருங்கள்."